மெம்ஃபிஸ் கேசட்டின் இருட்டு

கே: நியூ ஆர்லியன்ஸின் சூசைட்பாய்ஸ் ராப் ஜோடியின் பாடல்களில் வரும் அந்த இருண்ட ஒலிக்கு மூலம் எது?

ப: பெரும்பகுதி அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரம். 1990களில் த்ரீ 6 மாஃபியா, டாமி ரைட் போன்ற ராப் கலைஞர்கள் வீட்டிலேயே பதிவுசெய்து கேசட்டாக விற்றார்கள். பேய்ப்படச் சாயலில் மெட்டு, ஒரே வரியைச் சுற்றிச் சுற்றி வரும் பல்லவி, நான்கு தட்டுக்குள் மும்மூன்றாக விழும் சொற்கள் (நம் திஸ்ர நடையை நினைத்துக்கொள்ளுங்கள்) எல்லாம் அங்கிருந்து வந்தவை. 2014இல் சூசைட்பாய்ஸாகச் சேர்ந்த உறவுக்காரர்கள் இருவரில் ரூபி, பங்க் ராக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். அந்த அலறலும், இரண்டு நிமிடத்தில் பாட்டை முடிக்கும் வேகமும் பங்க் தந்தவை. மற்றவரான ஸ்க்ரிம் டிஜேயாக இருந்தவர். குரலை இழுத்துத் தாழ்த்துவது ஹூஸ்டனின் டிஜே ஸ்க்ரூ வழி.

கே: கணினியில் அப்படி இழுத்துத் தாழ்த்திப் பார்த்தால் சப்பென்று இருக்கிறதே?

ப: சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் குறைத்திருப்பீர்கள். இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும். வேகம் 16 சதவீதம் குறைந்தால் சுருதி மூன்று அரைச்சுரம் தாழும். நிமிடத்துக்கு 140 தட்டு சுமார் 118 ஆகும். பிறகு பழைய கேசட் சாயல் வர, 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியை வெட்டுங்கள். 808 (ரோலண்டின் டிரம் இயந்திரம்) பாஸைப் பாட்டின் சுருதிக்குச் சேர்த்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் அடிப்பகுதி கலங்கிப்போகும். அதே 808இன் கௌபெல் (மாட்டுமணி) ஒலி, 540, 800 ஹெர்ட்ஸ் சதுர அலைகள் இரண்டின் கலவை. அதை மெட்டாக வாசித்ததுதான் மெம்ஃபிஸ்காரர்களின் அருமையான கண்டுபிடிப்பு!