அக்காவின் கட்டுரை தம்பிக்கு உதவுமா? மாறிவிட்ட கல்லூரி விண்ணப்பக் கேள்விகள்

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். மகள் 2022இல் இங்கிலாந்துக்கு விண்ணப்பித்தபோது எழுதிய பர்சனல் ஸ்டேட்மென்ட் என்ற விண்ணப்பக் கட்டுரையைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்து, இப்போது ப்ளஸ் டூ படிக்கும் மகனிடம் மாதிரியாகக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். "அம்மா, இதெல்லாம் மாறிடுச்சு" என்று அவன் சொன்னதிலிருந்து உங்களுக்குப் பதற்றம். இங்கிலாந்து, அமெரிக்கா இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும், இன்னும் என்னென்ன மாறியிருக்குமோ என்று கேட்கிறீர்கள்.

அவன் சொன்னது சரிதான், நிறைய மாறியிருக்கிறது. ஆனால் மாறியது பெரும்பாலும் கேள்வித்தாள். விடைக்கு வேண்டிய சரக்கு உங்கள் வீட்டிலேயே இருக்கிறது, உங்கள் கடிதத்திலேயே பாதி வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கட்டுரை விஷயம் நம் குடும்பங்களை இவ்வளவு கலக்குவதற்குக் காரணம் உண்டு. அண்ணா பல்கலைக்கழகக் கலந்தாய்வுக்கு நாம் பழகியவர்கள். கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்கு கட்ஆஃப் எவ்வளவு என்று பார்த்தால் எந்தக் கல்லூரி என்பது ஓரளவு தெரிந்துவிடும். அதில் மாணவன் யார், ஏன் இந்தப் படிப்பு என்று ஒருவரும் கேட்பதில்லை. திடீரென்று ஒரு விண்ணப்பம் அதைக் கேட்கும்போது, முன்னால் எழுதியவர்களின் காகிதத்தைத் தேடத்தான் தோன்றும்.

முதலில் இங்கிலாந்து. அங்கே இளநிலைப் படிப்புக்கான விண்ணப்பங்கள் யூகாஸ் என்ற பொது அமைப்பு வழியாகப் போகின்றன. உங்கள் மகள் எழுதிய காலத்தில் பர்சனல் ஸ்டேட்மென்ட் ஒரே நீளக் கட்டுரை. இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகளுக்குள் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். 2026ஆம் ஆண்டு சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் படிப்பை ஏன் படிக்க விரும்புகிறாய்? இதுவரை படித்த பாடங்கள் இதற்கு உன்னை எப்படித் தயார்ப்படுத்தின? வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய், அது ஏன் பயன்படும்? மொத்த வரம்பு அதே 4,000 எழுத்துகள்தான். ஒவ்வொரு விடையும் குறைந்தது 350 எழுத்துகள் இருக்க வேண்டும். மீதியை எந்த விடைக்கு எவ்வளவு என்று மாணவனே பங்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த மாற்றம் உங்கள் மகனுக்குச் சாதகமானது என்றே நினைக்கிறேன். பழைய முறையில், வெற்றுத்தாளைப் பார்த்து என்ன கேட்கிறார்கள் என்று ஊகிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் வசதி. நல்ல வழிகாட்டி உள்ள பள்ளியில் படித்தவர்கள் ஊகித்தார்கள். மற்றவர்கள் தத்துவ மேற்கோளோடு ஆரம்பித்து இடத்தை வீணடித்தார்கள். இப்போது என்ன வேண்டும் என்று அவர்களே வெளிப்படையாகக் கேட்டுவிடுகிறார்கள். ஒரு விஷயம் இரண்டாம் கேள்விக்கா மூன்றாம் கேள்விக்கா என்று மண்டையைக் குடைந்துகொள்ளவும் வேண்டாம். மூன்று விடைகளையும் ஒன்றாகவே படிப்பார்கள். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொல்லி எழுத்துகளைச் செலவழிக்காமல் இருந்தால் போதும்.

அக்காவின் கட்டுரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதை மூன்றாக வெட்டி அங்கங்கே ஒட்டிவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வருகிற ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டையும் யூகாஸ் முந்தைய ஆண்டுகளில் வந்தவற்றோடு மென்பொருள் வைத்து ஒப்பிடுகிறது. ஒற்றுமை அதிகமாக இருந்தால் மாணவன் விண்ணப்பித்த பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவித்துவிடும். உங்கள் மகளுடைய வரிகளும் அந்தச் சேமிப்பில் இருக்கும். சொந்த அக்காதானே என்ற விளக்கம் அங்கே எடுபடாது. அவள் எழுதியதை அவன் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும், எழுத உட்காரும்போது அது மேசைமேல் இருக்கக் கூடாது.

இப்போது சரக்கு விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்கு சிவில் அல்லது சுற்றுச்சூழல் பொறியியல் ஆசை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்களோடு சிங்காநல்லூர் குளத்துக்குப் பறவை பார்க்கப் போய்விடுகிறான், படிக்கிற நேரத்தில் இது தேவையா என்று திட்டியிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். சகோதரி, அந்த ஞாயிற்றுக்கிழமைகள்தான் அவனுடைய விண்ணப்பம். ஒலிம்பியாட் சான்றிதழ் இல்லையே, பெரிய கம்பெனியில் இன்டர்ன்ஷிப் இல்லையே என்று வருந்தியிருக்கிறீர்கள். பணமும் தொடர்பும் இருந்தால் வாங்கிவிடக்கூடிய அனுபவங்களை விண்ணப்பம் படிப்பவர்கள் ஏராளமாகப் பார்க்கிறார்கள். பள்ளிப் பையன் ஒருவன் தன் ஊர்க் குளத்தைத் தொடர்ந்து கவனித்திருக்கிறான் என்பது அவ்வளவு சாதாரணமாகக் கிடைக்காது.

ஆனால் "நான் குளத்துக்குப் போவேன், இயற்கை எனக்குப் பிடிக்கும்" என்று எழுதினால் அது வீண். மூன்றாம் கேள்வியில் "ஏன் பயன்படும்" என்ற பகுதிக்குத்தான் எடை. மழைக்குப் பிறகு தண்ணீரில் நுரை பொங்குவதை அவன் பார்த்திருப்பான். அது ஏன் என்று யாரிடமாவது கேட்டிருந்தால், சோப்பு மூலக்கூறு தண்ணீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது என்று வேதியியலில் படித்ததை அதோடு சேர்த்து யோசித்திருந்தால், அது இரண்டாம் கேள்விக்கு நல்ல விடை. எந்த மாதத்தில் எந்தப் பறவை வந்தது, வராமல் போனது எப்போது என்று குறிப்பு வைத்திருந்தால், அதில் கற்ற பொறுமையும் பதிவு செய்யும் பழக்கமும் மூன்றாம் கேள்விக்கு. கழிவுநீர் குளத்துக்குள் வராமல் திருப்ப என்ன வழி என்று யோசித்தது முதல் கேள்விக்கு. "சிறு வயதிலிருந்தே பொறியாளராக வேண்டும் என்பது என் கனவு" என்ற வரி எங்குமே வேண்டாம். எல்லோரும் அதை எழுதுகிறார்கள், அது யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை.

அவன் செய்யாததை மட்டும் சேர்க்க விடாதீர்கள். ஒரு குளத்தைப் பார்த்தது ஒரு குளமாகவே இருக்கட்டும்.

அமெரிக்காவுக்கு மனநிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் ஒரு பாடத்தின் பேராசிரியர்களுக்கு அந்தப் பாடத்தைப் பற்றி எழுதுகிறான். அமெரிக்காவில் சேர்க்கை அலுவலர் ஒருவரிடம் தன்னைப் பற்றிச் சொல்கிறான். அதனால் யூகாஸுக்கு எழுதியதை அப்படியே காமன் ஆப்பில் போட்டால், பாடம் நிறைய இருக்கும், பையன் இருக்கமாட்டான். காமன் ஆப் என்பது நூற்றுக்கணக்கான அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம். அதன் முக்கியக் கட்டுரை 250 முதல் 650 சொற்கள். ஏழு தலைப்புகளில் ஒன்றை எடுக்க வேண்டும், ஏழாவது "உன் விருப்பப்படி எதுவும்". இது சில ஆண்டுகளாகப் பெரிய அளவில் மாறவில்லை.

மாறுவது அதைச் சுற்றியுள்ள இடங்கள்தான். 2025-26 விண்ணப்பத்தில், கூடுதல் தகவலுக்கு 650 சொற்கள் என்றிருந்த வரம்பை 300 ஆகக் குறைத்தார்கள். கொரோனாவுக்காக வந்த கேள்வி, சவால்களும் சூழ்நிலைகளும் என்று பொதுவான கேள்வியாகி 250 சொற்களில் நிற்கிறது. பத்தாம் வகுப்பின்போது அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்து மதிப்பெண் குறைந்ததாக எழுதியிருந்தீர்களே, அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுதான். மிகைப்படுத்தல் எதுவும் வேண்டாம். என்ன நடந்தது, எவ்வளவு நாள், அப்புறம் எப்படிச் சமாளித்தான் என்று நேராக எழுதினால் போதும். முக்கியக் கட்டுரையை அதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை.

இது போக, ஒவ்வொரு கல்லூரியும் தனியாகச் சில கேள்விகள் வைத்திருக்கும். அவைதான் அடிக்கடி மாறும். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தடை செய்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவரே கட்டுரையில் எழுதுவதற்குத் தடையில்லை என்றும் தீர்ப்பில் இருந்தது. அந்த ஆண்டே பல கல்லூரிகள் கேள்விகளை மாற்றி எழுதின. ஹார்வர்ட், விரும்பினால் மட்டும் எழுதலாம் என்றிருந்த தன் கட்டுரையை எடுத்துவிட்டு, 200 சொல் வரம்பில் ஐந்து கட்டாயக் கேள்விகள் வைத்தது. அடுத்த ஆண்டே வரம்பு 150 ஆனது. யூடியூபில் ஒருவர் 2022இல் பேசியதைக் கேட்டுத் தயாரானவர் தவறான பரீட்சைக்குப் படித்தவர் மாதிரி ஆகிவிடுவார். காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று புதிய ஆண்டுக்குத் திறக்கும். அதற்கு முன்னால் எந்தக் கல்லூரியின் தனிக் கேள்விக்கும் இறுதி விடை எழுத வேண்டாம்.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குத் தனி விண்ணப்பம். எட்டுக் கேள்விகளில் நான்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்கள் வரை. ஒரு தொகுப்பு பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ் உட்பட ஒன்பது வளாகங்களுக்கும் போகும். சேர்க்கைக்கு எஸ்ஏடி என்ற அமெரிக்கப் பொதுத் தேர்வின் மதிப்பெண்ணை அவர்கள் பார்ப்பதில்லை, பரிந்துரைக் கடிதமும் பொதுவாகக் கேட்பதில்லை. அதனால் இந்த நான்கு விடைகளுக்கு எடை அதிகம். உன் பள்ளிக்கோ ஊருக்கோ என்ன நல்லது செய்தாய் என்ற கேள்வி அந்த எட்டில் உண்டு. குளத்துக் கதையை அங்கே வைக்கலாம், அலங்காரமில்லாமல்.

சாட்ஜிபிடி வைத்து எழுதலாமா என்று மகன் கேட்டதாகச் சொன்னீர்கள். கூடாது. ஏஐ எழுதித் தந்ததைத் தன்னுடையதாகக் கொடுப்பதை மோசடி என்றே காமன் ஆப்பின் விதி சொல்கிறது. யூகாஸிலும் இது என் சொந்த எழுத்து என்று மாணவன் உறுதி கொடுக்க வேண்டும். விதியை விடுங்கள், பலன் என்று பார்த்தாலும் நஷ்டம்தான். கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடுவதையே டியூக் பல்கலைக்கழகம் 2024இல் நிறுத்திவிட்டது. ஏஐயும் கன்சல்டன்ட்டுகளும் எழுதித் தரும் காலத்தில், நடை நன்றாக இருப்பதை மாணவனின் திறமையாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் காரணம். மாணவனைத் தெரிந்துகொள்ளக் கட்டுரையை இன்னும் படிக்கிறார்கள். பளபளப்பான ஆங்கிலத்துக்கு மதிப்பு குறைகிறது, வேறொருவரால் சொல்ல முடியாத விவரத்துக்கு மதிப்பு கூடுகிறது. ஆங்கிலம் சுமார் என்று நீங்கள் கவலைப்பட்ட பையனுக்கு இது நல்ல செய்தி.

அப்படியென்றால் இப்போது என்ன செய்வது? கேள்விகளை மறந்துவிட்டு ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். குளத்தில் பார்த்தது, வகுப்பில் புரியாமல் போய்ப் பிறகு புரிந்தது, வீட்டில் அவன் பொறுப்பாகச் செய்யும் வேலை, தோற்றது, யாரிடமாவது வாதாடியது என்று எதுவானாலும் எழுதட்டும். முதலில் தமிழில் எழுதினாலும் சரி. தமிழில் பேசி மொபைலில் பதிவு செய்து, அதைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் நல்லது. நேரடியாக ஆங்கிலத்தில் எழுத உட்காரும் நம் பிள்ளைகள் பலர், வாயில் வரும் உண்மையான விவரங்களை விட்டுவிட்டுப் புத்தக வார்த்தைகளுக்குப் போய்விடுகிறார்கள். இந்த நோட்டு நிறைந்தால், யூகாஸ் மூன்று கேள்வி கேட்டாலும் இன்னொருவர் 150 சொல் கேட்டாலும் எடுத்துக் கொடுக்க அவனிடம் இருக்கும்.

இதில் உங்களுக்கும் வேலை உண்டு. அவன் மறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். எட்டாம் வகுப்பில் எதைப் பிரித்துப்போட்டான், எதற்கு அடம்பிடித்தான் என்று சொல்லுங்கள். எழுதுவதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.

தேதிகளை வீட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், மருத்துவம் போன்றவற்றுக்கு யூகாஸ் கடைசி நாள் அக்டோபர் 15. பிரிட்டிஷ் நேரம் மாலை 6 மணி, அதாவது நமக்கு இரவு 10:30. மற்ற பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி நடுவில். அமெரிக்காவில் முன்கூட்டிய விண்ணப்பங்களில் பல நவம்பர் தொடக்கத்தில் முடியும், கலிஃபோர்னியா நவம்பர் கடைசியில், மற்றவை பல ஜனவரி முதல் வாரத்தில். ப்ளஸ் டூ அரையாண்டுத் தேர்வும் இதே மாதங்களில்தான் வரும். ஆகவே மூன்று யூகாஸ் விடைகளும் காமன் ஆப் முக்கியக் கட்டுரையும் செப்டம்பருக்குள் முதல் வரைவாவது முடிந்திருக்க வேண்டும். சமர்ப்பிக்கும் வாரத்தில் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையதளத்தில் கேள்வியையும் வரம்பையும் மறுபடி ஒருமுறை பார்த்துவிடுங்கள். எந்த ஆண்டுச் சேர்க்கைக்கான பக்கம் என்று மேலே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக, "எஸ்ஸே பேக்கேஜ்" என்று பெரிய தொகை கேட்கும் நிறுவனத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பணம் கட்டும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: முதல் வரைவை யார் எழுதுவார்கள்? "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். மகன் முதல் வரைவை முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் எழுதித் தரமாட்டேன். எந்த வரி புரியவில்லை, எந்த இடத்தில் இன்னும் தெரிந்துகொள்ளத் தோன்றியது என்று ஓரத்தில் குறித்து அனுப்புகிறேன்.