12 மீட்டர் சதுரத்தில் ஒரு தங்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் தரைப் பயிற்சிக்கான (ஃப்ளோர்) ஒலிம்பிக் தங்கத்தை அதிகமுறை வென்றவர் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ்தானே?

பதில்: இல்லை. அவருக்கு அதில் ஒரே ஒரு தங்கம்தான், 2016 ரியோவில். உலக சாம்பியன்ஷிப்பில்தான் தரைத் தங்கம் 6 வைத்திருக்கிறார். ஒலிம்பிக்கில் பெண்களுக்குத் தனித்தனிக் கருவிப் பதக்கங்கள் (தரை, சமநிலைக் கட்டை என ஒவ்வொன்றுக்கும்) தொடங்கியது 1952 ஹெல்சிங்கியில். முதல் தரைத் தங்கம் ஹங்கேரியின் ஆக்னஸ் கெலெட்டிக்கு. அப்போது வயது 31! 1956இல் அவரும் சோவியத்தின் லாரிசா லாட்டினினாவும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். 1960, 1964 இரண்டிலும் லாட்டினினா தனியாக வென்றார். அந்த மூன்று தங்கத்தை இன்னும் யாரும் எட்டவில்லை.

கேள்வி: 2024 பாரிஸ் ஒலிம்பிக் தரைப் போட்டியில் பைல்ஸ் செய்ததுதான் கடினமானது என்றார்கள். பிறகு எப்படி பிரேசிலின் ரெபெக்கா ஆன்ட்ரேட் வென்றார்?

பதில்: கணக்கைப் பாருங்கள். பைல்ஸின் கடினப் புள்ளி (செய்யும் வித்தைகளின் கடினத்துக்குத் தருவது) 6.9, ஆன்ட்ரேடுக்கு 5.9. முழுதாக ஒரு புள்ளி முன்னிலை. சாதாரணமாக யாரும் தொட முடியாத தூரம். ஆனால் பிழைகளுக்குப் பத்திலிருந்து கழித்துப் போடும் செய்நேர்த்திப் புள்ளியில் பைல்ஸுக்கு 7.833, ஆன்ட்ரேடுக்கு 8.266. அதற்குப் பிறகும் பைல்ஸே முன்னால் இருந்தார். அவரைக் கவிழ்த்தது எல்லைக் கோடுதான். ஒரு கால் வெளியே போனால் 0.1, இரண்டு காலும் போனால் 0.3 வெட்டு. அவர் இரண்டு முறை இரு கால்களோடும் வெளியே போனார், 0.6 போயிற்று. முடிவு: ஆன்ட்ரேட் 14.166, பைல்ஸ் 14.133.

ஏன் வெளியே போகிறார்கள்? ஆடும் சதுரத்தின் பக்கம் 12 மீட்டர். மூலைக்கு மூலை சுமார் 17 மீட்டர்தான். ஓட்டம், கையூன்றிய புரட்டுகள், குட்டிக்கரணம், இறக்கம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வேகம் கூடி, மடக்கிய உடலைக் கொஞ்சம் தாமதமாக விரித்தால் சுழற்சி மிஞ்சிவிடும். கால் பின்னால் தாவும், பின்னால் இருப்பது மூலைக்கோடு. சுழற்சி குறைந்தால் நெஞ்சு தாழ்ந்து முன்பக்கம் தடுமாறுவார்கள். கோட்டை மிதித்தால் குற்றமில்லை, தாண்டினால்தான். விழுந்தாலோ 1.0 காலி.

கேள்வி: அந்தப் போட்டியின் வெண்கலம் ஏன் கைமாறியது?

பதில்: அமெரிக்காவின் ஜோர்டன் சைல்ஸின் கடினப் புள்ளி குறைவாகப் போடப்பட்டதாகப் பயிற்சியாளர் முறையிட, 13.666 என்பது 13.766 ஆனது. கடைசியாக ஆடியவர் என்பதால் முறையிட அவருக்கு ஒரு நிமிடமே அவகாசம். 4 விநாடி தாமதம் என்று சொல்லி விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் அந்த உயர்வை நீக்கியது, வெண்கலம் ருமேனியாவின் ஆனா பர்போசுவுக்குப் போனது (13.700). சைல்ஸ் தரப்பு சுவிஸ் நீதிமன்றத்துக்குப் போனது. 4 விநாடிக்கு இவ்வளவு பாடு!

கேள்வி: சமப் புள்ளி வந்தால் இரண்டு பதக்கமா?

பதில்: முன்பு அப்படித்தான். 1956, 1968, 1980 மூன்றிலும் தரைத் தங்கம் இருவருக்கு. 1980இல் நாடியா கொமனேச்சி, நெல்லி கிம். இப்போது செய்நேர்த்தி அதிகம் உள்ளவர் மேலே. 2012 லண்டனில் அலியா முஸ்தஃபினாவும் வனேசா ஃபெராரியும் 14.900, அந்த விதியால் வெண்கலம் முஸ்தஃபினாவுக்கு. டோக்கியோவில் மை முரகாமிக்கும் ஏஞ்சலினா மெல்னிகோவாவுக்கும் இரண்டு வகைப் புள்ளியும் ஒன்றாகவே இருந்ததால் இருவருக்கும் வெண்கலம்.

கேள்வி: பாட்டுக்கு ஆடலாமா?

பதில்: சொற்கள் உள்ள பாட்டு கூடாது, குரல் வாத்தியம்போல் ஒலித்தால் பரவாயில்லை. 90 விநாடிக்குள் முடிக்க வேண்டும். ஆண்களுக்கு இசையே கிடையாது. இசைத்தேர்வில் கெட்டிக்காரி செக்கோஸ்லோவாக்கியாவின் வேரா சாஸ்லவ்ஸ்கா. 1968 மெக்சிகோவில் அந்த ஊர்த் தொப்பி நடன மெட்டுக்கே ஆடி அரங்கத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சோவியத்தின் லாரிசா பெட்ரிக்கோடு தங்கத்தைப் பகிர்ந்த மேடையில், சோவியத் கீதம் ஒலித்தபோது தலையைக் குனிந்து திருப்பிக்கொண்டார். சோவியத் டாங்கிகள் அவர் நாட்டுக்குள் நுழைந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.