உருட்டும் சாளரத்தில் வரைபுகள் ஏன் நசுங்குகின்றன?

உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி ஆகிய குளங்களின் நீர்மட்ட வரைபுகளை ஒரே சாளரத்தில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கினால் அவை நசுங்குகின்றன, உருட்டுப்பட்டையும் தோன்றவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பைதானில் சாளரங்களை அமைக்க உதவும் நிரலகமான பைக்யூட்டியின் ஸ்க்ரோல் ஏரியாவில் (உருட்டிப் பார்க்கும் பகுதியில்), உள்ளடக்கம் சாளரத்தோடு சேர்ந்து விரியவும் சுருங்கவும் இடமளிக்கும் அமைப்பை இயக்கியதும், வரைபு வரையும் நிரலகமான மேட்பிளாட்லிப்பின் கன்வஸ் (வரைபு தோன்றும் பரப்பு) தனக்கென்று போதிய உயரத்தைக் கோராததால், கிடைத்த இடத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. ஒவ்வொரு கன்வஸுக்கும் 300 பிக்சல் அளவில் குறைந்தபட்ச உயரம் கொடுங்கள். பட்டை தானாக வந்துவிடும்.

இதன்பின் ஒரு சில்லறைத் தொல்லை மிஞ்சும். சுட்டியை வரைபின்மேல் வைத்துச் சக்கரத்தைச் சுழற்றினால் சாளரம் அசையாது. ஏனெனில் அந்த நிகழ்வைக் கன்வஸே எடுத்துக்கொள்கிறது. கன்வஸிலிருந்து ஒரு துணைவகுப்பை உருவாக்கி, வீல் ஈவென்டை (சக்கரச் சுழற்சி நிகழ்வை) அதில் இக்னோர் செய்து, சாளரத்துக்கே விட்டுவிடுவதே எளிய வழி. மேட்பிளாட்லிப்பின் பைபிளாட் என்ற கூறு வழியாக உருவாக்கும் வரைபுகள் 20ஐத் தாண்டினால் அது எச்சரிக்கும் என்பதால், அதற்குப் பதிலாக மேட்பிளாட்லிப்பின் ஃபிகர் வகுப்பை நேரடியாகவே பயன்படுத்துங்கள்.