விழுவதற்கு டூப் கிடையாது

மதிப்பிற்குரிய ஐயா,

மௌனப்பட நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் ‘காலேஜ்’ (1927) படத்தின் இறுதியில், நாயகியைக் காப்பாற்றக் கோலூன்றித் தாவி ஜன்னல் வழியாக உள்ளே பாய்வது கீட்டன் அல்ல, டூப் என்று படித்தேன். எல்லாவற்றையும் தானே செய்தவர் என்றல்லவா நம்பியிருந்தேன்? சாப்ளின் இப்படி ஏமாற்றியிருப்பாரா? இருவரில் யார் பெரியவர்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சாப்ளினா கீட்டனா என்பது டீக்கடைப் பெஞ்சுக்கான கேள்வி; அங்கேயே இருக்கட்டும். ‘ஏமாற்றினார்’ என்ற சொல்லைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. நேசித்தவர்மேல்தான் இப்படி மனத்தாங்கல் வரும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு துணுக்கைப் படித்துவிட்டு ஒருவருடைய வாழ்நாள் உழைப்பின்மேல் தீர்ப்பெழுதுவது சோம்பேறித்தனம்.

அந்த டூப் யார் என்று விசாரித்தீர்களா? லீ பார்ன்ஸ். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், 17 வயதில், அதே கோலூன்றித் தாண்டுதலில் தங்கம் வென்றவர். அவரை அழைத்தது அந்த ஒரு வெற்றித் தாவலுக்காக. அதற்கு முன்பு மைதானத்தில் நாயகன் வரிசையாகத் தோற்கிறானே, அந்தத் தோல்விகளை எந்தச் சாம்பியனிடம் ஒப்படைத்திருக்க முடியும்? தடை ஓட்டத்தில் கீட்டன் ஒவ்வொரு தடையாகத் தட்டிவிட்டுக்கொண்டே ஓடுகிறார். ஒன்றே ஒன்று தப்பி நிற்கிறது. தாண்டுகிறவன் தடைகளுக்கு நடுவே காலடிகளைக் கணக்கிட்டு ஓடுவதுபோல, தட்டிவிடுகிறவனும் கணக்கிட்டாக வேண்டும். போதாததற்கு, அப்படி ஒரு கணக்கு இருப்பதே நமக்குத் தெரியக்கூடாது.

எட்டாம் வகுப்பில், பள்ளி விளையாட்டு விழாவின் தடை ஓட்டத்தில், மூன்றாவது தடையில் கால் மாட்டி மூக்கு மண்ணில் உரச விழுந்தேன். மைதானமே சிரித்தது. மறுநாள் நண்பர்கள் அதேபோல் விழுந்து காட்டச் சொல்ல, அந்தச் சிரிப்பை இன்னொரு முறை கேட்கும் ஆசையில் இருட்டும்வரை முயன்றேன். ஒவ்வொரு முறையும் கைகள் முந்திக்கொண்டு தரையில் ஊன்றின. ஒருவனும் சிரிக்கவில்லை. கீட்டனோ, மேடை நகைச்சுவைக்காகத் தந்தையால் தூக்கி எறியப்பட்டே வளர்ந்த பிள்ளை. அந்தக் கைகளை அடக்கிவைக்கப் பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே பழகியவர்.

படத்தை மறுபடி பாருங்கள். தடை ஓட்டக் காட்சியில் அவருடைய காலடிகளை எண்ணுங்கள். நானும் ஒவ்வொரு முறையும் எண்ணத்தான் தொடங்குகிறேன். நான்காவது தடைக்குள் சிரித்துவிடுகிறேன், கணக்கு விட்டுப்போகிறது.