முதல் பன்னிரண்டு மாதம்: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் காத்திருக்கக் கூடாது

கைக்குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்டாகப் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். மருந்து எழுதும் டாக்டர் இல்லை. பாய் விரித்து, குழந்தையின் கழுத்தும் முதுகும் கை காலும் எப்படி வேலை செய்கின்றன என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பவள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பாப்பாவுக்கு 9 மாதம். நன்றாக உட்காருகிறாள், ஆனால் தவழவே இல்லை, பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்கிறாள். எதிர்வீட்டுப் பையன் 7 மாதத்திலேயே வீட்டைச் சுற்றி வந்துவிட்டான் அக்கா. (சேலம்)

எதிர்வீட்டுப் பையனை விட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட 5 நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், முட்டி போட்டுத் தவழ்வதை 5 மாதத்தில் தொடங்கிய குழந்தையும் உண்டு, பதின்மூன்றரை மாதத்தில் தொடங்கிய குழந்தையும் உண்டு. தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை போயிருக்கிறது. நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முட்டி போடவே இல்லை.

நான் பார்ப்பது வேறு. போன மாதம் செய்யாத ஏதோ ஒன்றை இந்த மாதம் செய்கிறாளா? பொம்மையை எடுக்கப் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டு விழாமல் திரும்ப நிமிர்கிறாளா? அக்குளில் பிடித்து நிறுத்தினால் இரண்டு காலிலும் கொஞ்சமாவது ஊன்றுகிறாளா? ஆம் என்றால் காத்திருக்கலாம். கால் துணி மாதிரி தொய்ந்தாலோ, விறைத்துக் கத்தரிக்கோல் போல ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டாலோ காட்டிவிடுங்கள்.

பையன் 32 வாரத்திலேயே பிறந்துவிட்டான். இப்போது 6 மாதம், கழுத்து இப்போதுதான் நிற்கிறது. பயமாக இருக்கிறது.

40 வாரத்தில் பிறந்திருக்க வேண்டியவன் 8 வாரம் முன்னால் வந்திருக்கிறான். அந்த 8 வாரத்தைக் கழித்தால் அவனுக்கு நாலு மாதம் சொச்சம்தான், அந்த வயதில் கழுத்து நிற்பது சரியான கணக்கு. இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது, அது பிறந்த தேதிப்படிதான். இன்னொன்று, குறைமாதக் குழந்தைக்கு முதல் மாதத்துக்குள்ளேயே விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். டிஸ்சார்ஜ் அட்டையை எடுத்து அது நடந்ததா என்று இன்றே பாருங்கள்.

குழந்தையைக் குப்புறப் போட்டுப் பழக்கச் சொல்கிறார்கள். மூச்சு முட்டும் என்று மாமியார் தடுக்கிறார். (மதுரை)

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தூங்கும்போது மல்லாந்துதான், அதில் மாற்றமே இல்லை. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, பால் குடித்து அரை மணி நேரம் கழித்துக் குப்புறப் போடலாம். முதலில் உங்கள் நெஞ்சின் மேலேயே இரண்டு நிமிடம். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்குவான், நடுங்கும், பொத்தென்று விழும், மறுபடி தூக்குவான். அந்த நடுக்கத்தில்தான் கழுத்து பலப்படுகிறது. மாமியாரிடம் பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவத்தைச் சொல்லிப் பாருங்கள்: ஐந்தாம் மாதம், இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் குழந்தை. நம் புலவர்கள் பாயில் கிடந்த குழந்தையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பாக இருக்கும்.

தாய்மாமன் வாக்கர் வாங்கி வந்திருக்கிறார். வைக்கலாமா?

வேண்டாம். கனடாவில் 2004இலேயே தடை செய்துவிட்டார்கள். குழந்தை கால் விரல் நுனியால் தள்ளிக்கொண்டு போகும், தன் எடையைத் தானே தாங்கப் பழகாது, கண் மூடித் திறப்பதற்குள் வாசற்படியிலோ அடுப்படியிலோ இருக்கும். பிடித்து எழுந்து நிற்கத் தொடங்கிய பிறகு மர நடைவண்டி கொடுங்கள், கூடவே நில்லுங்கள்.

எங்கள் 8 மாதப் பையன் எதையும் வலது கையால்தான் எடுக்கிறான். இப்போதே வலது கைப் பழக்கம் வந்தது நல்லதுதானே?

இல்லைம்மா, காட்டுங்கள். ஒரு வயதுக்குள் இரண்டு கையும் சமமாக வேலை செய்ய வேண்டும். வலது கையை லேசாகப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் ஒரு கரண்டியை நீட்டுங்கள். இடது கை வராமல், மூடிய விரலோடு பின்னாலேயே நின்றால், அந்தக் கையில் பலவீனம் இருக்கலாம். சீக்கிரம் தொடங்கினால் பயிற்சியில் நிறையக் கொண்டுவர முடியும்.

5 மாதம் ஆகிறது. தூங்கி எழுந்ததும் தலையைக் குனிந்து இரண்டு கையையும் விரித்து உதறுகிறாள், ஒரு நொடிதான். நின்று மறுபடி, அப்படிப் பத்துப் பதினைந்து தடவை, அப்புறம் அழுகிறாள். உரம் (சுளுக்கு) விழுந்திருக்கிறது, முறத்தில் போட்டு உருட்டலாம் என்கிறார்கள். (தேனி)

இந்தக் கேள்வியைப் படித்ததும் மற்றதை நிறுத்திவிட்டு இவருக்குத் தனியாகவும் எழுதினேன். இது உரம் இல்லை. சத்தத்துக்குத் திடுக்கிடுவது ஒரு தடவை வரும், போகும், 5, 6 மாதத்தில் மறைந்துவிடும். நீங்கள் சொல்வது சத்தமே இல்லாமல், வரிசையாக, தூங்கி எழும் நேரத்தில் வருகிறது. இது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், பார்ப்பதற்கு வலிப்பு மாதிரியே இருக்காது என்பதுதான் ஆபத்து. 1841இல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் தன் சொந்த மகனுக்கு இப்படித் தலை குனிந்து குனிந்து எழுவதைப் பார்த்து லான்செட் மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார், அவர் பெயரிலேயே இன்றும் வெஸ்ட் சிண்ட்ரோம் என்கிறோம்.

அடுத்த தடவை வரும்போது போனில் வீடியோ எடுங்கள், முகமும் கையும் தெரியட்டும். அதோடு குழந்தை நரம்பியல் மருத்துவரிடமோ, அவர் கிடைக்காவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கோ நாளைக்கே போங்கள், இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் பரிசோதனை) எடுக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். மருந்து இருக்கிறது, ஆனால் நாள் ஓட ஓட மூளை பாதிக்கப்படுகிறது. இரண்டு மாதம் முறத்தில் உருட்டிவிட்டு என்னிடம் வந்த ஒரு குழந்தை, முன்பு அம்மாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது, அப்போது சிரிப்பையே நிறுத்தியிருந்தது. அந்த முகத்தை நான் மறக்கவில்லை. எந்த வயதிலும் சரி, வந்த ஒரு திறமை போய்விட்டால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

11 மாதம், பல்லே வரவில்லை.

13, 14 மாதம் வரை பொறுக்கலாம். ஈறாலேயே இட்லியும் பருப்புச் சாதமும் மென்றுவிடுவார்கள். ஒரு வயது முடியும் வரை தேன் மட்டும் தொட்டு வைக்காதீர்கள்.

11 மாதப் பையன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, பாத்திரம் விழுந்தால் திரும்புகிறான். வீட்டில் தமிழ், தெலுங்கு இரண்டும் பேசுகிறோம், அதனால் குழம்புகிறானா? (ஓசூர்)

இரண்டு மொழியால் எந்தக் குழந்தையும் குழம்பாது தம்பி, தாராளமாகப் பேசுங்கள். எனக்குக் கவலை காதுதான். பாத்திரம் விழும் சத்தம் ஓரளவு கேட்கும் காதுக்கும் எட்டும், தரையின் அதிர்வும் தெரியும், அதை நம்பக் கூடாது. அவனுக்குப் பின்னால், உங்கள் நிழல்கூடத் தெரியாமல் நின்று, மெதுவாகப் பெயரைச் சொல்லுங்கள். மாமா, பாபா, தாத்தா என்று அடுக்கடுக்காக ஒலி எழுப்புகிறானா என்றும் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் பெரா டெஸ்ட் (காது கேட்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்தே ஆக வேண்டும். காது சரியாக இருந்தால் கண்ணைப் பார்க்கிறானா, டாட்டா காட்டுகிறானா என்று பார்ப்போம். போனில் பாட்டுப் போட்டுச் சோறு ஊட்டுவதை இப்போதே நிறுத்துங்கள், ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் 2019 பரிந்துரை.

கணவர் துபாயிலிருந்து வந்திருக்கிறார். 8 மாத மகள் அவரைப் பார்த்தாலே அலறுகிறாள். ராத்திரி தனியாக உட்கார்ந்து அழுதுவிட்டார் அக்கா.

அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் மகளுக்கு மூளை நன்றாக வளர்ந்திருக்கிறது, அதனால்தான் அழுகிறாள். 4 மாதத்தில் யார் தூக்கினாலும் போயிருப்பாள். இப்போது "இவர் என் ஆள், இவர் புது ஆள்" என்று பிரிக்கத் தெரிந்துவிட்டது. வெறுப்பு இல்லை. தூக்க வேண்டாம், உற்றுப் பார்க்கவும் வேண்டாம். அவள் உங்கள் மடியில் இருக்கும்போது அவர் மூன்றடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, இரண்டு டம்ளரை ஒன்றுக்குள் ஒன்று போட்டு எடுக்கட்டும். பார்ப்பாள், திரும்பிக்கொள்வாள், மறுபடி பார்ப்பாள். டம்ளரை வாங்கத் தானாகக் கை நீட்டும் வரை அவர் நகரவே கூடாது. லீவு எத்தனை நாள் என்று எழுதுங்கள்.