சொன்ன நேரத்துக்கு ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பீய்ச்சவில்லையா?

ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று 60 நிமிடம் காத்திருந்தும் பீய்ச்சவில்லை, அதில் கோளாறா என்று கேட்கிறீர்கள். ஊற்றில் கோளாறு இல்லை. முந்தைய பீய்ச்சல் 4 நிமிடம் நீடித்தது என்கிறீர்கள். அப்புறம் 60 நிமிடத்தில் எப்படி வரும்?

அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலுள்ள இந்த ஊற்று பெயரளவில்தான் கடிகாரம். ஒரு பீய்ச்சல் இரண்டரை நிமிடத்துக்குள் அடங்கினால் அடுத்தது சுமார் ஒரு மணி நேரத்தில் வரும். அதைத் தாண்டினால் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். நீண்ட பீய்ச்சலில் நிலத்தடிக் குழாய் நிறையவே காலியாகிவிடுகிறது. மறுபடி நிரம்பிச் சூடேற வேண்டாமா?

அடுத்த முறை கைபேசியில் நேரம் எடுத்துப் பாருங்கள். தண்ணீர் விறுவிறுவென்று உயரும் நொடியில் தொடங்குங்கள். அதற்கு முன் ஊற்றுவாயில் தளதளவென்று தெறித்து அடங்கும். பலர் ஏமாறுவது அதில்தான்.

இதிலும் 10 நிமிடம் முன்பின் ஆகும். கணக்கு அடுத்த ஒரு பீய்ச்சலுக்கு மட்டுமே, நாள் முழுவதற்கும் போடாதீர்கள்.