ஆர்ட்டிக்கிளுக்கு 5 மார்க்: வாசகர் கேள்வி – பதில்

சி.பி.எஸ்.இ. பிளஸ் டூ ஆங்கிலத் தாளில் வரும் ஆர்ட்டிக்கிள் (பத்திரிகைக்கு எழுதுவது போன்ற சிறு கட்டுரை) பற்றிய கேள்விகளே இந்த முறை அதிகம். மாதிரி வரிகளின் கருத்தைத் தமிழில் தந்திருக்கிறோம். தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிழையில்லாமல்தான் எழுதுகிறேன். ஆனாலும் 3 மார்க்கைத் தாண்ட முடியவில்லை. ஏன்?
– பிளஸ் டூ மாணவி, திருச்சி

பிழையின்மைக்கு 1 மார்க்தான். மீதி 4 வேறு இடங்களில் இருக்கிறது: ஃபார்மட்டுக்கு 1, கருத்துகளைக் கோவையாகச் சொல்வதற்கு 1, உள்ளடக்கத்துக்கு 2.

ஃபார்மட் என்பது தலைப்பும், அதன் கீழே எழுதியவர் பெயரும். கேள்வியில் எந்தப் பெயர் தந்திருக்கிறார்களோ அதைத்தான் போட வேண்டும். உங்கள் சொந்தப் பெயரை எழுதக் கூடாது. அவசரத்தில் இந்தப் பெயர் வரியை விட்டுவிடுபவர்கள் நிறைய.

பெரும்பாலும் மார்க் குறைவது உள்ளடக்கத்தில். கேள்வியோடு சில குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். காரணங்கள், பாதிப்புகள், தீர்வுகள் என்று மூன்று இருந்தால், மாணவர்கள் பாதிப்புகளைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டுத் தீர்வை ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எழுதத் தொடங்கும் முன் குறிப்புகளை அடிக்கோடிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு வாக்கியம், அதோடு நீங்களாகச் சேர்க்கும் ஒரு கருத்து. உள்ளடக்கத்துக்கு இது போதும்.

முதல் வரி எழுதவே ஐந்து நிமிடம் ஆகிவிடுகிறது. சுவாரஸ்யமாகத் தொடங்குவது எப்படி?
– மாணவர், கோவை

‘இன்றைய நவீன உலகில்…’ என்று ஆரம்பிக்காதீர்கள். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வரி எந்தத் தலைப்பையும் சொல்வதில்லை. திருத்துபவர் அன்றைக்கே அதைப் பல தாள்களில் பார்த்திருப்பார்.

காலை உணவைச் சாப்பிடாமல் பள்ளிக்கு வருவது பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று வையுங்கள். ‘ஆரோக்கியமே செல்வம், ஆகவே காலை உணவு மிக முக்கியம்’ என்பது வழக்கமான தொடக்கம். இப்படிப் பாருங்கள்: ‘இரண்டாவது பீரியடில் போர்டைவிடக் கடிகாரத்தையே அதிகம் பார்க்கும் மாணவனைக் கவனியுங்கள். அவனுக்குக் கணக்கு கசக்கவில்லை, பசிக்கிறது.’ இரண்டே வாக்கியம். ஓர் ஆள், ஓர் இடம், பிரச்சினை மூன்றும் வந்துவிட்டன. அடுத்த வரியிலேயே காரணத்துக்குப் போய்விடலாம்: தாமதமாகத் தூங்குவது, காலை ஆறரை மணிக்கு வேன், சாப்பிட நேரமில்லாத அவசரம்.

இப்படி வரி கிடைக்க ஒரு வழி உண்டு. இந்தப் பிரச்சினையை எங்கே, யாரிடம் கண்ணால் பார்க்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பறை, பஸ் ஸ்டாப், கேன்டீன் என்று ஏதாவது ஓர் இடம் அகப்படும். அங்கிருந்து தொடங்குங்கள். அப்படியும் வரவில்லை என்றால் நான்கு வரி இடம் விட்டுவிட்டு இரண்டாம் பத்தியை எழுதுங்கள். எழுதி முடித்தபின் தொடக்கம் தானாக வரும்.

தலைப்பையும் கடைசியில் வையுங்கள், மேலே ஒரு வரி விட்டு. ஐந்தாறு சொற்களுக்குள் இருக்கட்டும். ‘காலை உணவின் முக்கியத்துவம்’ என்பது கேள்வியையே திருப்பி எழுதுவது. ‘பசியோடு ஒரு பாடம்’ என்றால் படிக்கத் தோன்றும்.

120 – 150 வார்த்தை என்கிறார்கள். எண்ணிக்கொண்டே எழுத முடியுமா?
– மாணவியின் தந்தை, நாகர்கோவில்

எண்ண வேண்டாம். மகள் ஒரு வரியில் சராசரியாக எத்தனை வார்த்தை எழுதுகிறார் என்று வீட்டிலேயே பார்த்துவைக்கச் சொல்லுங்கள். வரிக்கு 9 என்றால் 16 வரியில் 144 வந்துவிடும். தொடக்கம் 3 வரி, நடுவில் இரண்டு பத்தி 5 வரி வீதம், முடிவு 3 வரி.

நேரமும் இதே கணக்குதான். 3 மணி நேரத்தில் 80 மார்க் என்றால் 5 மார்க்குக்குச் சுமார் 11 நிமிடம். குறிப்பு எடுக்க 2, எழுத 7, திருப்பிப் படிக்க 2. கூடுதலாக எழுதினால் அந்த நேரம் 40 மார்க் இலக்கியப் பகுதியிலிருந்துதான் போகும். இந்தக் கேள்வியில் ஆர்ட்டிக்கிள், ரிப்போர்ட் இரண்டில் ஒன்றை எழுதினால் போதும்; எது என்ற முடிவை முதல் 15 நிமிட வாசிப்பு நேரத்திலேயே எடுத்துவிட வேண்டும்.

ஆர்ட்டிக்கிள், ரிப்போர்ட் இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?
– மாணவர், சென்னை

ரிப்போர்ட் நடந்து முடிந்ததைச் சொல்வது: என்ன, எங்கே, எப்போது, யார். இறந்தகாலத்தில், சொந்தக் கருத்து கலக்காமல். ஆர்ட்டிக்கிளில் உங்கள் கருத்துதான் சரக்கு. விழா நடந்த விவரம் கைவசம் இல்லாமல் ரிப்போர்ட்டை எடுத்து நடுவழியில் திணறுபவர்கள் உண்டு.

பொன்மொழி, புள்ளிவிவரம் சேர்த்தால் மார்க் கூடுமா?
– மாணவி, சேலம்

அதற்கென்று தனி மார்க் இல்லை. ‘85 சதவீத மாணவர்கள்’ என்று கைக்கு வந்ததை எழுதுவது திருத்துபவருக்கு உடனே தெரியும். கேள்வியிலேயே எண் தந்திருந்தால் பயன்படுத்துங்கள். பொன்மொழியும் அப்படித்தான்: சொன்னவர் பெயர் தவறினால், இல்லாமலே இருந்திருக்கலாம்.

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் தேர்வுக்கும் இதே முறை பொருந்துமா?
– கல்லூரி மாணவர், புதுச்சேரி

ஓரளவுக்கு. அது ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் தேர்வு. அங்கே எழுத்துத் தாளில் ஆர்ட்டிக்கிள் இரண்டாம் பகுதியில் விருப்பத் தேர்வாக வரும். அளவு 140 – 190 வார்த்தை. முதல் பகுதியின் கட்டுரையையும் சேர்த்து மொத்தம் 80 நிமிடம். எழுதியவர் பெயர் போட வேண்டியதில்லை, தலைப்பு போடுங்கள். கேள்வி பெரும்பாலும் ஒரு பத்திரிகை அறிவிப்பாக இருக்கும், அதற்குள் இரண்டு மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கும். அத்தனைக்கும் பதில் வேண்டும். மொழிநடையும் மாறும்: சி.பி.எஸ்.இ.யில் கொஞ்சம் விறைப்பாக எழுதினாலும் போகும்; இங்கே வாசகரிடம் நேராகப் பேச வேண்டும், இடையில் அவரையே ஒரு கேள்வி கேட்கலாம். முதல் பகுதிக் கட்டுரையின் நடையிலேயே இதையும் எழுதிவிட்டால், கருத்து முழுதாக இருந்தாலும் வாசகருக்கு ஏற்ற நடைக்கான மார்க் குறையும்.